பாலைத் துறந்த நோன்பு

ஜெயமாலாவுக்குத் தயிர்ச்சோறு என்றால் உயிர். வல்லத்தில், கறவை மாடுகள் நிறைந்த வீட்டில் பிறந்தவள். செஞ்சியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் பார்க்கும் வாசுபூஜ்யனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும், எந்தக் குழம்பு மணந்தாலும் அவள் கை தயிர்ச் சட்டியைத்தான் தேடும்.

அறுபத்து நான்காம் வருஷம் பங்குனியில் மகன் அஜிததாஸ் பிறந்தான். பிறந்த சில நாளிலேயே குடித்த பாலை எதுக்களிக்க ஆரம்பித்தான். கக்குகிற பிள்ளை தக்கும் என்று ஊர் சொல்லும். ஆனால் இவன் கக்கியதோடு நிற்காமல் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வீரிட்டான். கன்னங்களில் கரப்பான் புண் பொரிந்து நீர் வடிந்தது. உடம்பு தேறவேயில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கழுத்து சுளுக்கி உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டினார்கள். வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தார்கள். டாக்டர் ஏதோ கசப்பு மருந்து தந்தார். கரப்பான் பண்டம் என்று சொல்லிக் கத்தரிக்காயையும் மொச்சையையும் ஜெயமாலாவின் தட்டிலிருந்து எடுத்தார்கள். பாலை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவார்கள்? மற்ற வீடுகளில் பால் சுரக்கப் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுப்பார்கள். சமணர்களான நயினார் வீட்டுக்குள் பூண்டு நுழையாது. பொழுது சாய்ந்தால் சாப்பாடும் கிடையாது. அதனால் விளக்கு வைப்பதற்குள் மாமியார் ரத்னம்மாள் சொம்பு நிறையப் பாலோடு வந்து நிற்பாள்.

"குடிச்சுடும்மா. ராத்திரி முழுக்க புள்ளைக்கு ஓணும்."

பிள்ளை கக்கக் கக்கச் சொம்பும் பெரிதானது.

ஆடி மாசம் பிள்ளை வாடிய கீரைத்தண்டாகத் துவண்டு கிடந்தான். தக்கமாட்டானோ என்று ஜெயமாலா பயந்தாள். மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போய் நோன்பு எடுத்தாள். பால், தயிர், நெய், எண்ணெய், உப்பு, இனிப்பு இவற்றில் எதையாவது விட்டுவிடுவது அவர்கள் வழக்கத்தில் ஒரு நோன்பு. பிடிக்காததை விட்டால் அது என்ன நோன்பு? உயிரானதையே விட்டாள். அடுத்த பௌர்ணமி வரை பால், தயிர், நெய் மூன்றும் கிடையாது. ரத்னம்மாளுக்கு மனசில்லை. ஆனாலும் நோன்பைத் தடுத்த பாவம் யாருக்கு வேண்டும்? சொம்பு உள்ளே போயிற்று.

பிள்ளை மெல்ல மெல்ல அமைதியானான். கக்குவது குறைந்தது, கன்னம் ஆறியது. ஒரு நாள் அப்பன் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். பகவான் கண் திறந்தார் என்று வீடே பூரித்தது. பௌர்ணமி கழிந்ததும் நோன்பை முடிக்கப் பால் பாயசம் வைத்தார்கள். ஜெயமாலா ஆசை தீரக் குடித்தாள், தயிர்ச்சோற்றை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். ஓரிரு நாளில் பிள்ளை பழையபடி வளைந்து வீரிட்டான்.

"நோன்புல இன்னாவோ கொற வச்சிட்டீங்க," என்றாள் பக்கத்து வீட்டு ருக்மணி.

ஜெயமாலாவுக்குக் குறை எங்கே என்று புரிந்துவிட்டது. தன் வாய்ருசி பிள்ளையைப் படுத்திய பாட்டை நினைத்து அழுதாள். ஆனால் பால் ஆகாது என்று சொன்னால் இந்த ஊர் சிரிக்கும், நோன்பு என்றால் கும்பிடும்.

"அத்த, பையன் நடக்கற வரைக்கும் நோன்ப நீட்டிக்கினேன்," என்றாள். மறுபடியும் பிள்ளை தேறினான்.

நோன்பு என்ற அந்தச் சாக்கு, பிள்ளைக்கு அன்னம் ஊட்டும் நாள் வரைதான் தாங்கியது. அன்று ரத்னம்மாள் பால் பாயசக் கிண்ணத்தோடு பேரன் எதிரே உட்கார்ந்தாள். நோன்பு தாய்க்குத்தானே, பிள்ளைக்கு ஏது? ஜெயமாலா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அத்த. பாலுதான் அவனுக்கு ஆவல. நான் குடிச்சாலே அவன் கக்கறான். அதுக்குத்தான் நோன்புன்னு சொன்னேன்."

ருக்மணி சிரித்துவிட்டாள். "ஊர்ல எல்லாப் புள்ளையும் பாலக் குடிச்சிதாண்டி வளருது."

ரத்னம்மாள் சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வாசுவுக்கு முன்னால எனக்கு ஒன்னு பொறந்துச்சு. இவனாட்டமே கக்கிக்கினே இருக்கும். கக்கற புள்ள தக்கும்னாங்க. தக்கல. நானும் அப்போ சொம்பு சொம்பாத்தான் பாலு குடிச்சேன்."

ரத்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாயசத்தை ருக்மணியின் கையில் கொடுத்து, "நீ குடி," என்றாள். உள்ளே போய்ப் பருப்புத் தண்ணீர் விட்டுக் குழைத்த சோற்றோடு வந்தாள். முதல் வாயைத் தானே ஊட்டினாள்.

பிள்ளை சப்புக்கொட்டி விழுங்கினான். மாமியாரும் மருமகளும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கக்கவில்லை.