ஏலத்துக்கு வந்த அதிரசம்

உடையார்பாளையம் பக்கம் எங்கள் சர்ச்சில், அறுப்பின் பண்டிகையன்று காணிக்கையாக வரும் பொருள்களை ஏலம் விடுவார்கள். அந்தப் பணம், எங்களைப் போன்ற காலனிப் பிள்ளைகள் படிக்கவென்று சபை நடத்தும் கல்லூரிக்குப் போகும். நான் படிப்பது அங்கேதான். அதனால் போன வருஷம் அம்மா ஒரு தூக்கு நிறைய அதிரசம் சுட்டு எடுத்துவந்தாள்.

ஊர்த்தெருக்காரர்கள் வாரி வழங்கினார்கள். ஒற்றைப் பூசணிக்காய்க்கு அப்படியொரு போட்டி. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் செல்போனிலேயே கேட்டு அதை எடுத்தார்.

போதகர் அதிரசத் தூக்கை உயர்த்திக் காட்டினார்.

"இது யாரு வூட்டுதுங்க?" என்றது ஒரு குரல்.

அம்மா பெருமையாகக் கை தூக்கினாள். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளையைப் படிக்கவைப்பார்களாம், பெற்றவள் சுட்டதைத் தின்னமாட்டார்களாம்!

"நானே எடுத்துக்கறேங்கய்யா" என்று, முந்திரி உடைத்த கூலியைப் போதகரிடம் கொடுத்தாள் அம்மா.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆளுக்கொன்று தின்றோம். அம்மா மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "வெல்லம் கொறஞ்சிடுச்சோ?"

என் வாயெல்லாம் தித்தித்தது.

"ஆமாம்மா, கொஞ்சம் கொறஞ்சிடுச்சு" என்றேன்.