மைலேஜ் அக்கா

வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியதுமே அக்கா ஏ.சி.யை அணைத்துவிடுவார். "ஏறும்போது அதுக்கே மூச்சு வாங்கும். அதுகிட்ட போய்க் குளுகுளுன்னு காத்து வேற கேக்கணுமா?" என்பார். பக்கத்து இருக்கையில் நான் கையில் கிடைத்த காகிதத்தால் விசிறிக்கொள்வேன். உச்சியைத் தொட்டதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இறுக்கமான செருப்பைக் கழற்றிப் போட்டவர் போல முகம் தளர்வார்.

பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களையும் இடுப்பு முறிந்து கிடப்பவர்களையும் வீடு தேடிப் போய் எழுப்பி நிறுத்துவது தொழில். எங்கள் தெருவில் அவர் பெயர் மைலேஜ் அக்கா. என் அலுவலகம் அவர் போகிற வழியில் இருப்பதால் காலையில் என்னையும் ஏற்றிக்கொள்வார். ஏற்றுவதற்கு முன் என் பையைக் கண்ணாலேயே எடை போடுவார். "ஏம்மா, வேலைக்குப் போறியா, வீடு மாத்துறியா?"

வண்டி சின்ன எஸ்.யூ.வி. பின்பக்கம் மடக்குக் கட்டில், வாக்கர், ரப்பர் பட்டைகள், பெரிய பந்து ஒன்று. இதற்கு முன் வைத்திருந்த சிறிய காரின் அடிவயிற்றை மேட்டு வீடுகளுக்குப் போகும் கல்பாதை கிழித்துவிட்டது. உயரமான வண்டி வேண்டும், ஆனால் குடிகார வண்டியாக இருக்கக் கூடாது என்று அலைந்து திரிந்து வாங்கினார். லிட்டருக்குப் பதினேழு கொடுத்தது. யாராவது நலம் விசாரித்தால்கூட, "பதினேழுக்குக் குறையல" என்று பதில் சொன்ன காலம் உண்டு.

பிறகு அது குறைந்தது. பதினைந்து, பதினான்கு, ஒரு நாள் பன்னிரண்டு. அக்கா முட்டைமேல் கால் வைத்த மாதிரி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். விடிந்ததும் டயருக்குக் காற்றுப் பார்த்தார். சர்வீஸ் செய்கிற இடத்தில், "வயசாயிடுச்சு மேடம், இன்ஜின் அப்படித்தான்" என்று கையை விரித்துவிட்டார்கள். மேட்டு வீடுகளுக்கு ஒரு முறை போய்வந்தால் அங்கே வாங்கும் கட்டணத்தில் பாதி டேங்கிலேயே கரைந்தது. கட்டணத்தைக் கூட்டச் சொன்னேன். "படுத்துக் கிடக்கிறவங்ககிட்ட பெட்ரோல் கணக்கு சொல்லச் சொல்றியா?" என்று என் வாயை அடைத்தார்.

கணக்கர் வேலை பார்க்கும் அவருடைய தம்பிதான் விடாப்பிடியாக நின்றார். "அக்கா, நீ யானையைக் கட்டித் தீனி போடுற. வித்துட்டு கிளினிக்ல உக்காரு. மாசமானா சம்பளம், ஃபேன் காத்து." கிளினிக்கில் இடமும் காத்திருந்தது. வண்டி வாங்க ஆளையும் தம்பியே பிடித்துவிட்டார். அக்காவும் கடைசியில் தலையாட்டிவிட, சனிக்கிழமை மாலை அவர் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அன்று காலை மேட்டு வீட்டுக்குக் கடைசித் தடவையாகப் போகக் கிளம்பினார். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தவர், இப்போதுதான் பிடிமானத்தோடு நிற்கப் பழகியிருந்தார். அந்தக் கல்பாதையில் ஏறிப்போய் வைத்தியம் பார்க்க வேறு யாரும் வர மாட்டார்கள். "ஃபோன்ல சொல்லிட்டேன். நேர்லயும் ஒரு வார்த்தை சொல்லணும். தனியாப் போக என்னமோ மாதிரி இருக்கு, வாயேன்" என்றார். எனக்கு விடுமுறை. போனேன்.

பாதி வழியில் எதிரே லாரி வர, ஓரமாக ஒதுங்கி நின்றோம். ஏதோ கருகுகிற வாசனை. அக்கா இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் வந்ததும் நின்று, முழங்கால் வீக்கம் பார்க்கிறவர் போலக் குனிந்து, வலப்பக்கச் சக்கரத்துக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோனார். பிறகு இடப்பக்கம். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இங்க வா. இது சாதாரணமா இருக்கு. இது காய்ச்சல் கண்ட முட்டி மாதிரி கொதிக்குது."

"அப்படின்னா?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா ஒரு பக்கம் மட்டும் சுட்டா அது வயசு இல்ல. வயசாறது ரெண்டு முட்டிக்கும் சேர்ந்துதான் ஆகும்."

சூடு ஆறும் வரை காத்திருந்து, மெதுவாக உருட்டி அடிவாரத்துப் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி அந்தச் சக்கரத்தைத் திருப்பப் பார்த்தார், அது அசையவில்லை. அக்காவும் குனிந்து சேர்ந்து தள்ளினார். முனகிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, இழுத்தால் இறுகுகிறதாம், விட்டால் திரும்புவதில்லையாம். சரிவான வாசல்களில் நிறுத்தி நிறுத்தி இழுத்த பிரேக், போகும்போதும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"அப்ப இன்ஜின்?" என்றார் அக்கா.

"இன்ஜினுக்கு என்ன? இத்தனை நாளா பிரேக்கையும் சேர்த்து இழுத்திருக்கு. நல்ல இன்ஜின்."

"வயித்துல பாலை வார்த்தீங்க" என்று அக்கா பட்டறை வாசலில் கிடந்த பழைய டயர்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் வந்தது, கண்ணிலும் கொஞ்சம் வந்தது. கேபிள் மாற்றி முடிப்பதற்குள் தம்பிக்குப் போன் போட்டார். "வர்றவரை வர வேண்டாம்னு சொல்லிடு. யானை இல்லடா, பாவம், ஆட்டுக்குட்டிதான். கால்ல கயிறு கட்டியிருந்துச்சு."

கிளம்பினோம். சமதளத்தில் அக்கா காலை எடுத்தார். வண்டி நிற்கவில்லை, ஓடியது, இன்னும் ஓடியது, எண்ணெயில் விட்ட மாதிரி ஓடியது. டேஷ்போர்டில் சராசரி பன்னிரண்டிலிருந்து பதிமூன்றுக்கு ஏறியதும் என் தொடையில் ஓர் அடி வைத்தார். இன்னும் வலிக்கிறது.

மேட்டு வீட்டு வாசலில் டிரைவரின் மனைவி நின்றிருந்தார். "நேரமாயிடுச்சே, வர மாட்டீங்கன்னே நெனச்சோம். நீங்க ஃபோன் பண்ணதுலேர்ந்து அவரு சுவரப் பாத்துப் படுத்துட்டாரும்மா. எந்திரிக்கச் சொன்னா, 'எதுக்கு?'ன்னு கேக்குறாரு."

அக்கா நேரே உள்ளே போனார். கட்டிலில் முதுகு மட்டும் தெரிந்தது.

"என்ன டிரைவர் சார், பஸ்ஸை ஷெட்ல போட்டுட்டீங்களா?"

முதுகு அசையவில்லை. "கடைசி ட்ரிப்பு தானேம்மா. நின்னா என்ன, கிடந்தா என்ன?"

"யார் சொன்னா கடைசின்னு? செவ்வாக்கிழமை வருவேன். அதுக்கடுத்த வாரமும் வருவேன்."

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். அக்கா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ், உள்ளங்கை முழுக்கத் துரு. அந்தக் கைகளையே சிறிது நேரம் பார்த்த டிரைவர், போர்வையை ஒதுக்கிவிட்டு, தன் நல்ல கையால் அதில் ஒன்றை இறுகப் பிடித்தார்.