மாணிக்கம் விடாத வார்னிங்

மாணிக்கம் போய்விட்டான்.

காலையில் அவன் மகள் கவிதாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "அங்கிள்... அப்பா நேத்து ஹாஸ்பிட்டல்ல..." அதற்கு மேல் அழுகைதான்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். டெல்லி முனிர்காவில் கீழ்வீட்டில் அவன் குடும்பம், மாடி அறையில் நான். அவன் திருநெல்வேலிக்காரன். ஆபீஸ் நேரம் போக மீதியெல்லாம் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தான்.

"கவிதா வாயைத் தொறந்தா இந்திதான் வருது வே. கம்ப்யூட்டர்லயாவது அவளுக்குத் தமிழ் இருக்கட்டும்."

அதுவரை பத்திரிகைக்குக் கையால் எழுதி ஃபேக்ஸ் அனுப்பிய நான், முதன்முதலாகத் தமிழில் டைப் செய்த செய்தி அவன் மென்பொருளில்தான்.

அவனிடம் ஒரு பிடிவாதம். புரோகிராமை கம்பைல் செய்யும்போது, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும்போது, கம்ப்யூட்டர் சில இடங்களில் 'இதைக் கொஞ்சம் பார்' என்று வார்னிங் தரும். பலரும் கண்டுகொள்ளாமல் மேலே போய்விடுவார்கள். இவன் ஒவ்வொரு வார்னிங்கையும் பிழையாகவே கருதும்படி ஒரு ஸ்விட்ச் போட்டிருந்தான். ஒன்று வந்தாலும் வேலை அங்கேயே நின்றுவிடும்.

கோல் மார்க்கெட்டில் சில நண்பர்கள் இலவச லினக்ஸ் சிடி தயாரித்தார்கள். அதில் இவனுடையதும் சேர வேண்டும். ஆனால் அவர்களிடம் இருந்தது புதிய கம்பைலர். இவன் கம்ப்யூட்டரில் வராத ஒரு வார்னிங் அங்கே வந்தது. வேலை நின்றது.

"அரே யார், அந்த ஸ்விட்சை எடுத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்று போனில் கெஞ்சினார்கள்.

"என்னன்னு பாக்காம எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். நானும் கூடப் போனேன். ரிங் ரோட்டில் டிராஃபிக்... போய்ச் சேர்வதற்குள் சிடியை முடித்துவிட்டார்கள். தமிழ் இல்லாமலே.

பிறகு உட்கார்ந்து அந்த வார்னிங்கைப் பார்த்தான். எங்கேயும் பயன்படாத, அழிக்க மறந்த ஒரு வரி. அவ்வளவுதான்.

"ஒண்ணுக்கும் ஆவாத வரி வே" என்று சிரித்தான். திரும்பும் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

அதன்பின் வெளியே அனுப்பும் பிரதிகளில் அந்த ஸ்விட்சை எடுத்துவிட்டான். தன்னுடையதில் மட்டும் விட்டுவைத்தான். "எங்கிட்ட நிக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன். அடுத்தவன் வீட்ல போயி எதுக்கு நிக்கணும்?"

அடுத்த சிடியில் அவன் மென்பொருள் வந்தது. அந்த சிடியைக் கவிதா கையில் கொடுத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான். எடுத்தது நான்தான்.

கவிதா இன்றும் தமிழ் பேசுவாள். படிக்கத்தான் வராது.

மதியம் போனில் அழைத்தாள். "அப்பாவைப் பத்தி எழுதுவீங்கல்ல அங்கிள்? எழுதினதை நீங்களே படிச்சு அனுப்புங்க, ப்ளீஸ்."

எழுதிவிட்டேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கிறேன்... முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

போய்ட்டு வா வே.