தீசெய் என்று நான் சொன்னது

சித்தூர் மாங்காய் மண்டியில் யாரிடம் வேண்டுமானாலும் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கூடை தூக்க வந்தவன், பதினெட்டு வருஷத்தில் அதே வரிசையில் தன் பெயருக்கு மண்டி போட்டான் என்பார்கள். அது நான்தான். ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன். மேலே படிக்க வைக்க யாரும் இல்லை. இன்று பி.காம். படித்த இரண்டு பேர் என் மண்டியில் நான் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். தெலுங்கை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. லாரிக்குப் பக்கத்தில் நின்று நானே பிடித்துக்கொண்டேன். ஏலத்தில் நான் தெலுங்கு பேசினால் தெலுங்குக்காரனே ஒரு நிமிஷம் நின்று கேட்பான்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. என் மகளின் படிப்பில் மண் விழுந்தது அந்தத் தெலுங்கால்தான்.

என் மகள் திருப்பதியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். மாம்பூவைப் பற்றிய ஆராய்ச்சி. மரம் முழுக்கப் பூக்கிறது, அதில் பெரும்பாலும் காயாகாமல் உதிர்ந்து போகிறது, ஏன் என்று பார்க்கிறாள். மூன்று வருஷமாகத் தை மாதம் வந்தால் லேப்டாப்பும் ஒரு சின்ன மைக்ராஸ்கோப் கேமராவும் எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவாள். பூவைக் கிள்ளி, பெரிதாக்கிப் படம் எடுத்து, லேப்டாப்பில் சேர்ப்பாள். முதல் இரண்டு வருஷத்துப் படங்களுக்கு அவளுடைய ஆசிரியையிடம் நகல் இருந்தது. இந்த வருஷத்துப் படங்கள் அந்த லேப்டாப்பில் மட்டும்தான். மார்கழிக்குள் எழுதிக் கொடுத்துவிட்டால் டாக்டர் பட்டம். நான் மண்டியில் ஏற்கெனவே டாக்டரம்மாவின் அப்பா ஆகிவிட்டிருந்தேன்.

ஆடி மாதம் ஸ்கூட்டர் சறுக்கிக் கீழே விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. புத்தூரில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தோம். படுத்துக்கொண்டே எழுதி முடித்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தவள், "ஐயோ நைனா" என்று கத்தினாள். கால்தான் அசைந்துவிட்டதோ என்று ஓடினேன்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்கு அடியில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது இருந்தால்தான் மேலே எல்லாம் நடக்கும். அதற்கு ஓ.எஸ். என்று பெயர். அது தன் பாட்டுக்குப் புதிய ஓ.எஸ்.ஸாக மாறிவிட்டது. அவளுடைய கேமராவுக்கு உரிய புரோகிராமோ பழைய ஓ.எஸ்.ஸில் மட்டும்தான் திறக்கும். அது திறக்காவிட்டால் படங்களை அளந்து கணக்கு எடுக்க முடியாது. திரும்பவும் பழையதைப் போட வேண்டும். திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை உண்டு, அவளோடு படிக்கிறவர்கள் அங்கேதான் போவார்கள்.

"நானே போய்ட்டு வரேன், குடு" என்றேன்.

"நைனா, நல்லா கேட்டுக்க. இது புதுசு, பேக்கப் டிஸ்க்கு." கையளவு கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டினாள். "லேப்டாப்புல கீறது எல்லாத்தையும் மொதல்ல இதுல எடுத்து வெக்கணும். வெச்சிட்டு ரெண்டு மூணு படத்தத் தொறந்து பாக்கணும், வந்துதா இல்லியான்னு. அப்பாலதான் பழைய ஓ.எஸ். போடணும். அத போட்டா உள்ள ஒண்ணும் மிஞ்சாது."

"சரிம்மா."

"இன்னா சரி? திருப்பிச் சொல்லு."

"எடுத்து வெக்கணும், தொறந்து பாக்கணும், போடணும். இன்னா பெரிய வித்தையா இது? நான் எத்தினி லாரி ஏத்தி எறக்கினவன்!"

அவள் ஒரு சீட்டில் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். "நீ ஒண்ணும் பேசவே வாணாம். இத நீட்டு, போதும்."

வாசலில் என் மனைவி சொன்னாள்: "அந்தச் சீட்ட குடுத்துடுங்க. அங்க போய் ஒங்க தெலுங்க எடுத்து வுடாதீங்க."

சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். அது பையிலேயே இருந்துவிட்டது. ஏன் நீட்டவில்லை என்று பிறகு என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு காகிதத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை காத்து நிற்பது எனக்கு ஆகாது. மண்டி போட்ட நாளிலிருந்து அப்படி நின்றதில்லை.

கடையில் இருந்தது நாற்பது வயது இருக்கும் ஒரு தெலுங்குக்காரம்மா. கெட்டிக்காரி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரே நேரத்தில் மூன்று மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய ஓ.எஸ். வேண்டும் என்று தெலுங்கில் சொன்னேன். நான் பேசியதைக் கேட்டு, "பெத்தாயனா, ஏ ஊரு?" என்று கேட்டாள். பெரியவருக்கு எந்த ஊர் என்று கேட்கிறாள். சித்தூர், சொந்த மண்டி என்றேன். நாற்காலி போட்டாள்.

அப்புறம் கேட்டாள்: "பேக்கப் உந்தா?"

பேக்கப் டிஸ்க்குதான் என் துணிப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறதே. பையைத் தட்டிக் காட்டி, "உந்தி, உந்தி" என்றேன். இருக்கிறது, இருக்கிறது.

"அயிதே மொத்தம் தீசெய்யனா?"

இந்த இடத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். மண்டியில் லாரி வந்து நின்றால் நான் போடும் முதல் சத்தம் 'தீசெய்'. சரக்கை எடுத்து ஓரமாக அடுக்கு என்று அர்த்தம். வண்டி காலியாகும், சரக்கு எங்கேயும் போகாது. ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த வார்த்தையைச் சொன்ன வாய் இது. என் மகள் எடுத்து வைக்கச் சொன்னாள், இந்தம்மா எடுக்கட்டுமா என்று கேட்கிறாள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

"தீசெய்யம்மா" என்றேன்.

"மொத்தமா?"

"மொத்தம் தீசெய்!" ஏலத்தில் சொல்வதைப் போல உரக்கச் சொன்னேன்.

எடுத்து முடித்ததும் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பழைய ஓ.எஸ். ஏறி முடிந்ததும் திரையை என் பக்கம் திருப்பி, இப்போது நிறைய இடம் காலியாக இருக்கிறது, வேகமாக ஓடும் என்று தெலுங்கில் சொன்னாள். எனக்கு மகிழ்ச்சிதான். பிள்ளை படுத்தே கிடக்கிறாளே, பார்க்கட்டும் என்று, காலி இடத்தில் பழைய சினிமா ஏதாவது போட்டுக் கொடு என்றேன். நானாகக் கேட்டேன். கடையில் இருந்த இருபத்திரண்டு படங்களைப் போட்டாள்.

கிளம்பும்போது எனக்கே ஞாபகம் வந்து பெட்டியை எடுத்து நீட்டினேன். இதில் என்ன வைக்க வேண்டும் என்று கேட்டாள். தெரியாது என்று சொல்வேனா? "உன்னதந்தா பெட்டம்மா" என்றேன். இருப்பதையெல்லாம் வை. வைத்தாள். லேப்டாப்பில் அப்போது இருந்தது அந்த இருபத்திரண்டு சினிமாதான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் முதலில் கேமரா புரோகிராமை ஏற்றினாள். அது திறந்தது. "சூப்பர் நைனா" என்றாள். இவ்வளவுதானே என்று மனைவியைப் பார்த்து மீசையைத் தடவினேன். அடுத்து மகள் பேக்கப் டிஸ்க்கைச் செருகினாள்.

"நைனா, இன்னா இது? எல்லாம் சினிமாவா கீது?"

"ஒனக்குத்தான். பாத்துக்கினு இரு."

"என் பூ எங்க?"

"அதுலதான் இருக்கும், நல்லா பாரு."

அவள் பார்த்தாள். மேலும் கீழும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, கடையில் அந்தம்மா என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்று விசாரித்தாள். நான் சொன்னேன். கம்ப்யூட்டர் கடையில் தீசெய் என்றால் அழித்துவிடு என்று அர்த்தம் என்பதை என் மகள் எனக்குச் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் திருப்பதி போனேன். அந்தச் சீட்டை இந்தத் தடவை முதலிலேயே நீட்டினேன். படித்ததும் அந்தம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ரெண்டு சார்லு அடிகானு கதா பெத்தாயனா!" என்றாள். இரண்டு தடவை கேட்டேனே. கேட்டாள்தான். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

லேப்டாப்பை முடுக்கவே கூடாது என்று சொல்லி, உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு ஒரு மெஷினில் மாட்டினாள். பழைய மாதிரி சுழலும் டிஸ்க் என்பதால் கொஞ்சம் வழி உண்டாம். அழித்தாலும் உடனே போய்விடாதாம், அதே இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை அடியில் கிடக்குமாம். ஓ.எஸ். கொஞ்சம் உட்கார்ந்திருந்தது. சினிமாக்கள் அதைவிட நிறைய உட்கார்ந்திருந்தன.

திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. காலையில் நான்கு சதவீதம். நான் டீ குடித்துவிட்டு வந்தபோதும் நான்கு. மண்டியில் எவன் மெதுவாகக் கூடை இறக்கினாலும் என் குரலுக்குத் துள்ளி ஓடுவான். இங்கே யாரைக் கத்துவது? எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். "சூஸ்தே தொந்தரகா ராது" என்றாள் அந்தம்மா. பார்த்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் வராது என்கிறாள். இருந்தும் பார்த்தேன். வேறு எனக்கு என்ன செய்யத் தெரியும்?

சாயங்காலம் கோடு முடிந்தது. பாதிக்கும் குறைவான படங்கள் கிடைத்தன. அவற்றை இந்தத் தடவை பேக்கப் டிஸ்க்கில் ஏற்றி, என் கண் முன்னால் பத்துப் படங்களைத் திறந்து காட்டித்தான் கொடுத்தாள்.

மகள் அவற்றைப் பார்த்தாள். எந்த மரத்துப் பூ எந்த எண் படம் என்று அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஆனால் திரும்பி வந்த படங்களுக்குப் பழைய எண் இல்லை, தேதி இல்லை. கம்ப்யூட்டர் தானாக ஏதோ புது எண்களை ஒட்டியிருந்தது. பூ இருக்கிறது, மரம் தெரியவில்லை.

"குடு, நான் சொல்றேன்" என்றேன். காயைப் பார்த்து எந்தப் பக்கத்துத் தோட்டம் என்று சொல்கிறவன் நான். அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். திரை முழுக்க மஞ்சளாக, ரோமம் ரோமமாக ஏதோ ஒன்று. நடுவில் பச்சை உருண்டை. அடுத்த படம், அதுவும் அப்படியே. அது பூவா பூச்சியா என்றே எனக்குத் தெரியவில்லை. பத்துப் படங்கள் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"வுடு நைனா" என்றாள்.

ஆசிரியைக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். ஆசிரியையம்மா நல்ல மாதிரி. மரம் தெரியாத படத்தை வைத்து எழுத முடியாது, அடுத்த தையில் இன்னொரு பூவைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்றார்கள். மகள் "சரி மேடம்" என்று சொல்லி வைத்தாள். வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பாப்பா, எல்லாத் தோட்டக்காரனும் நமக்குத் தெரிஞ்சவன்தான். நான் போய்ப் பேசறேன்" என்றேன்.

"இன்னா பேசுவ? ஆவணியில பூக்கச் சொல்லுவியா?"

அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. கட்டுப் போட்ட காலுக்கு அடியில் இருந்த தலையணை நழுவியிருந்தது. அதைச் சரியாக எடுத்து வைக்கலாம் என்று கையை நீட்டினேன். எப்படி வைத்தால் வலிக்காது என்று எனக்குத் தெரியாது. கையை இழுத்துக்கொண்டு அவள் அம்மாவைக் கூப்பிட்டேன்.