சேற்றில் நடந்த லேயர் கோழி

பேய், சாமி, சகுனம் எதையும் நம்பாத ஆள் நான். புதுச்சத்திரத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவன் நம்புவதெல்லாம் தடுப்பூசியையும் முட்டை விலையையும்தான். முட்டை விலையைக்கூட அரைகுறையாகத்தான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்து முடித்துவிட்டே கேளுங்கள்.

போன ஐப்பசியில் பண்ணையில் நோய் வந்து தணிந்தது. கொல்லிமலைக் காட்டுக்குள் இருக்கும் அம்மனுக்குச் சேவல் கொடுப்பதாக என் மனைவி வேண்டியிருந்தாள். வாங்கி வைத்த நாட்டுச்சேவல் புறப்படுகிற நேரத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிட்டது. நானும் ஏறிப் பார்த்தேன், தொப்பை சம்மதிக்கவில்லை. கூண்டிலிருந்து ஒரு வெள்ளை லேயர் கோழியைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். துணைக்கு மச்சான், என் மனைவியின் ஒரே அண்ணன்.

"ஏனுங்க மாப்ள, சேவல்னு சொல்லிப்போட்டு முட்டைக்கோழியக் கொண்டுட்டுப் போறீங்க. அம்மன் கோவிச்சுக்காதுங்களா?"

"தெனம் ஒரு முட்டை வெக்கும் மச்சான். அம்மனுக்கு லாபந்தானுங்க."

தார்ச்சாலை முடிந்த இடத்தில் காரை விட்டு நடந்தோம். அம்மன் இருக்கும் பள்ளத்துக் காட்டில் தரை என்று ஒன்றே இல்லை. வேர், ஊற்றுத் தண்ணீர், முழங்கால் வரை கறுப்புச் சேறு. என் செருப்பில் ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது, துணையில்லாமல் போகுமே என்று இன்னொன்றையும் கொடுத்துவிட்டேன். நட்டநடுப் பகலில் மூடுபனி இறங்கியது. வழி மறைந்தது. அந்தக் குளிரில் மச்சானுக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் காரில்.

"காரு எந்தப் பக்கம் மாப்ள?" அதைச் சொல்வதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார்.

கை காட்டினேன். காட்டிய திசையை நானே நம்பவில்லை. அவர் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்த பதற்றத்தில் வழுக்கி விழுந்தேன், பை திறந்து கோழி வெளியே வந்தது.

கூண்டுக்கோழியைத் தரையில் விட்டால் நடக்காது, பயந்து குந்திவிடும். பிறந்ததிலிருந்து மண்ணையே மிதிக்காத ஜென்மம். இது எழுந்து நின்றது. பிறந்த வீட்டுக்குப் போகிறவள் மாதிரி பனிக்குள் நடந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து நின்றது. மச்சானைத் தோளில் தாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன், வேறு யாரிடம் வழி கேட்பது? அது மிதித்த இடத்தில் நாங்கள் மிதித்தால் சேறு கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. அது நெருங்க நெருங்கத் தவளைகள் அடங்கின, நாங்கள் கடந்ததும் திரும்பக் கத்தின. பெரிய ஆள் யாரோ போகிறாற்போல அந்தக் காடே ஒதுங்கி வழிவிட்டது. எனக்குப் பயம் வரவில்லை. கும்பிடத்தான் தோன்றியது, கைதான் காலியாக இல்லை.

மரங்கள் விலகின, முன்னால் என் கார். மச்சான் மருந்தை இழுத்து, மூச்சு சீராகி, கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "கோழி எங்கீங்க?"

சாலையோரம் நின்றிருந்தது. காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த வழியே காட்டுக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து காலையில் நான் கொட்டகைக் கதவைத் திறந்தால், கூண்டில் இருக்கும் அத்தனையும் ஒன்றாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்க்கின்றன. "தீனிக்குப் பாக்குதுங்க மாப்ள" என்கிறார் மச்சான்.

எங்கள் பண்ணையில் தீனி போடுவது மெஷின். என் கையால் ஒரு பிடி போட்டதில்லை.