அப்பிள் கதியால்

இங்கிலாந்தின் ஊஸ்டரில் நாங்கள் வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டில் ஒரு கிழட்டு அப்பிள் மரம் நின்றது. காய் பச்சை, கல் மாதிரி, கடித்தால் பல் கூசும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். என் மனைவி அதில் மாங்காய்க் கறி வைத்தாள். தேங்காய்ப் பாலும் வெந்தயமும் சேர்ந்தபின், அது மாங்காய் இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கே கஷ்டமாக இருந்தது. புரட்டாதி வந்தால் தெரிந்தவர்கள் பையோடு வந்து நிற்பார்கள்.

பழைய அப்பிள் இனங்களைத் தேடிப் பதியும் ஒரு பெண் வந்து சில இலைகளைப் பறித்துப் போனார். பிறகு கடிதம் வந்தது. மரபணுவைச் சோதித்ததில், பதிவிலுள்ள எந்த இனத்தோடும் அது பொருந்தவில்லையாம். இப்படி இன்னொரு மரம் இருப்பதாகத் தெரியவில்லை, மாசியில் வந்து வேறொரு அப்பிளில் ஒட்டுக்கட்ட வெட்டிக்கொள்கிறேன், அதுவரை கவனமாகப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

தை மாதப் புயலில் மரம் நடுவால் பிளந்தது. ஆபத்து, ஒரு கிழமைக்குள் அடியோடு எடுங்கள் என்று தோட்ட நிர்வாகம் சொல்லிவிட்டது.

"அந்த மனிசிக்கு ஒருக்கா போன் எடுத்துக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"ஊரிலை முருங்கைக் கிளையை வெட்டி வேலிக்குக் கதியாலா நட்டு வளந்தவன் நான். இதுக்கும் ஆளைக் கேக்கோணுமோ?"

கை மொத்தமான, தடித்த கிளைகளாகப் பார்த்துத் தறித்து, வேலியோரம் வரிசையாக நட்டேன். பண்ணையில் சாணி வாங்கி வந்து ஒவ்வொன்றின் தலையிலும் அப்பினேன். மெல்லிய குச்சிகளில் முருங்கை வராது. அதனால் அவற்றை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கட்டி, பச்சைக் கழிவுத் தொட்டியில் போட்டேன். லொறி வந்து அள்ளிக்கொண்டு போனது. அடிமரத்தை இயந்திரம் கிளப்பியது.

மாசியில் அந்தப் பெண் வந்தார். வேலியைப் பார்த்துவிட்டு, "போன வருடம் மரம் புதிதாக விட்ட குச்சிகள், பென்சில் அளவில் இருக்குமே, அவை எங்கே?" என்று கேட்டார். ஒட்டுவது அவற்றைத்தானாம். மொத்தமான கிளையை நட்டால் அப்பிள் வேர் விடுவது அரிது என்றார். லொறிக் கதையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சித்திரையில் கதியால்கள் துளிர்த்தன. "பாத்தீங்களோ, உங்கட கைராசி" என்றாள் மனைவி. படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவர் அன்றைக்கே ஓடி வந்தார். கிளைக்குள் மிஞ்சிய சத்தில் வந்த துளிர், நிலைக்காது என்றார். ஆனாலும் இரண்டு மூன்றை வெட்டிக்கொண்டு போய் ஒட்டிப் பார்த்தார். பிடிக்கவில்லை. ஆனியில் வேலியோரம் எல்லாம் காய்ந்தது. ஒன்றைப் பிடுங்கினேன். ஒரு வேர்கூட இல்லை. அன்று தோட்டத்திலேயே இருந்து அழுதேன்.

அந்த மரத்தின் பதிவை மூட அவர் ஒரு படிவத்தோடு வந்தார். அழிந்த காரணம் என்ற இடத்தில் 'புயல்' என்று எழுதினார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் அப்படி எழுதினார் என்று தெரிந்தது.

"அதை மாற்றுங்கள்" என்றேன். "புயல் அந்தக் குச்சிகளை விட்டுத்தான் வைத்தது."