படத்தில் வராத காம்பு

மகள் வீட்டில் டீவி இருக்கிறது. அதில் மாடு வந்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

"என்னம்மா, மாடுன்னா ஒங்களுக்கு உசுராச்சே" என்பாள்.

உசுருதான். அதனால்தான் போகிறேன்.

டீவியில் வரும் மாடு சாணி போடாது. ஒரு பொம்பளை தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். கன்று பக்கத்திலேயே இருக்காது. காம்பைத் தொட்டதும் செம்பு நிறையும். இல்லாவிட்டால் இதற்கு நேர்மாறாகக் காட்டுவார்கள். சேறும் சகதியுமாய் ஒரு பட்டி, விலா எலும்பு தெரிகிற ஒரு கன்று, துக்கமாய் ஒரு குரல். இரண்டும் பொய். எனக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரு பொய்க்குள்ளே நான் இருந்திருக்கிறேன்.

அப்போது டீவி கிடையாது. வேனில் படம் கொண்டுவந்து திரை கட்டிக் காட்டுவார்கள்.

நாங்கள் உக்குவளையில் ரயில் பாதைக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தோம். என் புருஷன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போவார். நான் மாட்டுப் பால். எங்களிடம் இரண்டு மாடு. ஒன்று சினையாக இருந்தது. இன்னொன்று செவலை, கன்று போட்டு ஒரு மாதம். கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளை. அதை வளர்த்து அடுத்த பால்மாடு ஆக்குவது என்று முடிவு. செவலையின் பால்தான் கடைக்கும் வீடுகளுக்கும் போனது. புண்ணாக்கு அதிலிருந்து வந்தது. எங்கள் அரிசியிலும் பாதி அதிலிருந்துதான்.

கொழும்பிலிருந்து ஒரு ஜீப் வந்தது. நாலு பேர். தொப்பி போட்டு, எல்லோரும் மாத்தையா என்று கூப்பிட்ட ஒரு பெரிய ஐயா, பெட்டி தூக்க இரண்டு பேர், தமிழ் பேச ஒரு தம்பி. மாடு வளர்ப்பைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம். என் பட்டியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. ரோட்டிலிருந்து தெரியும், அதனால் இருக்கும்.

"காலையில பால் கறக்கிறதை எடுக்கணும் அக்கா" என்றான் தம்பி.

எனக்குச் சந்தோஷம். சந்தோஷப்பட்டதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. மறுநாள் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டினேன். பட்டியைக் கழுவினேன். செவலைக்கு மஞ்சள்கூடப் பூசினேன்.

தம்பி என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இந்தச் சேலை வேணாங்களாம். நேத்துக் கட்டியிருந்தீங்களே, அந்தப் பழசு."

"அது கிழிஞ்சது தம்பி."

"அதைத்தான் மாத்தையா கேக்கிறார்."

கட்டினேன். மஞ்சளையும் கழுவச் சொன்னார்கள். கழுவினேன்.

பால் கறப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். தெரியாதவர்கள்தான் அதிகம்.

முதலில் கன்றை அவிழ்த்துவிட வேண்டும். அது ஓடிவந்து மடியை முட்டி நாலு காம்பையும் மாற்றி மாற்றிச் சப்பும். வாய் ஓரத்தில் நுரை வரும். அப்போதுதான் தாய் பாலை இறக்கும். மனிதர் கைக்கு அது இறக்காது. கன்றுக்குத்தான் இறக்கும். நுரை வந்ததும் கன்றைப் பிடித்து இழுத்துத் தாயின் முன்னங்காலில் கட்டுவோம். தாய் அதை நக்கிக்கொண்டு நிற்கும். நாங்கள் மூன்று காம்பைக் கறப்போம். நாலாவதைத் தொடமாட்டோம். அது கன்றுக்கு. கறந்து முடிந்ததும் கட்டை அவிழ்ப்போம். அது போய் அந்த நாலாவதைக் குடிக்கும். குடித்து முடிந்ததும் வயிறு உப்பி நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்குக் கன்றை விட்டேன். சப்பியது. இழுத்தேன்.

"இன்னொரு தடவை" என்றார் மாத்தையா.

விட்டேன். மறுபடி இழுத்தேன்.

"இன்னொரு தடவை. கொஞ்சம் வேகமா. சிரிக்க வேணாம்னு சொல்லு."

மூன்றாம் தடவை கன்று மிரண்டுவிட்டது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு கத்தியது. கழுத்துக் கயிறு இறுகி நாக்கு வெளியே வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. "போதும் தம்பி, சின்னக் கன்னு" என்றேன். மாத்தையா தலையாட்டினார். அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பிறகு நான் கறப்பதைக் கொஞ்சம் எடுத்தார்கள். செவலை கோபத்தில் பாலை அடக்கிக்கொண்டது. பாதிகூட வரவில்லை. நான் கன்றை அவிழ்க்க எழுந்தேன். அதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள்.

"தம்பி, கன்னு இனித்தான் குடிக்கும். அதை எடுக்கலையா?"

"போதுங்க அக்கா, வெளிச்சம் மாறிருச்சு."

ஜீப் திரும்புவதற்குள் கன்றை விட்டேன். அது ஓடிப்போய்க் குடித்தது. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து வேன் வந்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலில் திரை கட்டினார்கள். விளக்கு வைக்கிற நேரம். ஊரே வந்திருந்தது. என் பாலை வாங்குகிற தேத்தண்ணிக் கடை நானா முன்வரிசையில் பெஞ்சு போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி, ஒங்கட மாட்டுக்கும் ஒரு இடம் புடிச்சி வெச்சிருக்கன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

படம் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நல்லது.

முதலில் ஒரு பெரிய பண்ணை. கறுப்பும் வெள்ளையுமாய் மாடுகள். சிமெந்துத் தரை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆள் வாளியில் பால் கொண்டுவந்து கன்றுக்குக் கொடுக்கிறார். கன்று வாளிக்குள் தலையை விட்டுக் குடிக்கிறது. இப்படித்தான் அன்பாக வளர்க்க வேண்டும் என்றது குரல்.

பிறகு என் பட்டி.

கிழிந்த சேலையில் நான். மூன்றாவது தடவை இழுத்தது. கன்று கத்துகிறது, நாக்கு வெளியே. பிறகு என் முகம். சிரிக்காதே என்று சொல்லி எடுத்த முகம். குரல் சொன்னது: அறியாதவர்கள் கடைசிச் சொட்டுவரை தாங்களே எடுத்துக்கொண்டு கன்றைப் பட்டினி போடுகிறார்கள். பிறகு கட்டிக்கிடந்த கன்றின் விலாவைக் கிட்டக் காட்டினார்கள். ஒரு மாதக் கன்றுக்கு விலா தெரியாமல் என்ன தெரியும்?

அடுத்துக் கோழி வளர்ப்பு வந்துவிட்டது.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பின்னாலிருந்து ஒருத்தன், "அடுத்த ஷோவுக்குப் புள்ளைங்களக் கட்டுவாங்க போல" என்றான். சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் வேனுக்குப் போனேன். மெஷின் ஓட்டியவர் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மிச்சம் எங்க?" என்றேன்.

"என்ன மிச்சம்?"

"கன்னை அவிழ்த்து விட்டது. அது குடிச்சது."

"இதுல அது இல்ல அக்கா. நான் ஓட்டிக் காட்டுறவன் மட்டுந்தான்."

"நாளைக்கு எங்க காட்டுறீங்க?"

"பலாபத்வல. அப்புறம் நாவுல."

வீட்டுக்கு வந்தேன். புருஷனுக்குச் சொல்லத் தேவையில்லை. அவரும் அங்கேதான் இருந்தார்.

முதலில் பாலை நிறுத்தியது டீச்சர் நோனா. ரோட்டைத் தாண்டி இரண்டாவது வீடு. நல்ல மனுஷி. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை கொடுத்தவர். காலையில் போத்தலோடு போனேன். கதவைப் பாதி திறந்தார்.

"இனிப் பால் வேணாம்" என்றார் சிங்களத்தில். "அனே, பவ், பாவம். அந்தக் கன்றை நினைச்சா எனக்குத் தொண்டையில இறங்காது."

"நோனா, நாங்க ஒரு காம்பை விடுறோம். முழுசாக் குடிக்கும். இப்பவே வந்து பாருங்க."

"நான்தான் கண்ணால பார்த்தேனே."

திரையில் பார்த்தது கண்ணால் பார்த்ததாம். பட்டி அவர் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும். கன்று துள்ளுவது அங்கிருந்தே தெரியும். வந்து பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. படம் எடுத்தவன் எங்கேயோ இருக்கிறான். இவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

ஒவ்வொரு வீடாக நின்றது. கடைசியில் நானா.

"தங்கச்சி, நான் ஒங்கள நம்புறன். அல்லாஹ் மேல சத்தியமா நம்புறன். ஆனா டீ குடிக்க வாறவனெல்லாம், 'நானா, இது கன்னுட வாய்ல இருந்து புடுங்கின பாலா?'ண்டு கேக்கிறானே. நான் என்னத்தச் சொல்ல? டின் பால் வாங்கிப் போட்டுட்டன்."

அப்போதுதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். காட்டிவிடுகிறேன் என்று கிளம்பினேன். மறுநாள் காலை செவலையையும் கன்றையும் கூட்டிக்கொண்டு போய் நானா கடைக்கு முன்னால் நிறுத்தினேன். "எல்லாரும் பாருங்க" என்றேன்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு லொறி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. செவலை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. கன்றை விட்டேன். முட்டியது, சப்பியது. நுரை வரவில்லை. புது இடத்தில், கூட்டத்தில், மாடு பால் இறக்காது. சின்ன வயதிலிருந்து மாடு கறக்கிறேன். எனக்குத் தெரியாதா? கோபத்தில் மறந்துவிட்டேன்.

கன்றை இழுத்துக் கட்டினேன். கத்தியது. கறந்தேன். நாலு பீச்சுகூட வரவில்லை. அவிழ்த்துவிட்டேன். கன்றுக்கும் கிடைக்கவில்லை. அது வெறும் காம்பைச் சப்பிவிட்டுக் கத்திக்கொண்டு நின்றது.

"படத்துல வந்தது சரிதானே" என்றது ஒரு குரல்.

"பாலே இல்ல, பாவம் கன்னு" என்றாள் ஒரு பொம்பளை.

நானா வெளியே வந்தார். "போங்க தங்கச்சி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் மெதுவாக. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோடு நெடுக நடந்தேன். பட்டிக்குள் நுழைந்ததும் செவலை பாலை இறக்கிவிட்டது. தானாகச் சொட்டியது. பார்க்க யாரும் இல்லை.

கறந்த பாலைத் தயிர் போட்டேன். நெய் உருக்கினேன். நாங்களே குடித்தோம். அதை வைத்துப் புண்ணாக்கு வாங்க முடியாது. பாதை ஓரப் புல் மட்டும் இரண்டு மாட்டுக்குக் காணாது. சினைமாட்டுக்குத் தீனி குறைத்தால் வயிற்றில் இருப்பதும் போகும்.

பலாபத்வல தரகர் வந்தார். செவலையைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார்.

"மாடு நாவுலையில ஒருத்தருக்குப் போகும். நல்ல மாடு" என்றார்.

"கன்னு?"

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து வாயில் போட்டார்.

"அவங்ககிட்ட ஏற்கனவே சின்னக் கன்னு ஒண்ணு இருக்கு, தாயில்லாம. அதையே இந்த மடியில விட்டுக்குவாங்க" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். படத்தில் பார்த்து ஊரே பாவம் பார்த்த கன்று. பாவம் பார்த்தவர் யாரும் அன்றைக்கு ரோட்டில் இல்லை. கன்று தாயோடு துள்ளிக்கொண்டுதான் போனது. தாய் பாலுக்கு, தான் கறிக்கு என்று அதுக்கென்ன தெரியும். புருஷன் அன்று வேலைக்குப் போகவில்லை. பட்டியைக் கூட்டிக் கழுவினார்.

சினைமாடு கன்று போட்டது. காளைக் கன்று. நாங்கள் குடித்தோம், கேட்டு வந்த ஒன்றிரண்டு பேருக்குக் கொடுத்தோம். தலை நிமிர்ந்து ஒரு வீட்டுக்கும் போத்தல் கொண்டுபோகவில்லை.

இரண்டு மூன்று வருடம் போனது. அந்த மாடு மறுபடி கன்று போட்டிருந்தது. டின் பால் கிடைக்காத காலம் வந்தது. எல்லாவற்றுக்கும் வரிசை. ஒரு காலை டீச்சர் நோனா போத்தலோடு பட்டி வாசலில் நின்றார். அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்திருந்தது.

"கொஞ்சம் பால் இருக்குமா?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. பச்சைப் பிள்ளை என்ன செய்தது.

"இருக்கு. ஆனா கறந்து முடியிறவரைக்கும் நின்னு பார்க்கணும்" என்றேன்.

நின்றார். செருப்பில் சாணி பட்டது. கன்றை விட்டேன். நுரை வந்தது. இழுத்துக் கட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திரும்பாதீங்க நோனா. பாருங்க."

மூன்று காம்பைக் கறந்தேன். நாலாவதைக் காட்டினேன். தொடவில்லை. கட்டை அவிழ்த்தேன். கன்று போய் மடியை இடித்துக் குடித்தது, குடித்தது, வால் ஆடிக்கொண்டே இருந்தது. நோனாவின் கையில் போத்தல் அப்படியே இருந்தது.

"இது படத்துல வரலையே" என்றார்.

"வரல."

போத்தலை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். அவர் போகவில்லை. பட்டியைச் சுற்றிப் பார்த்தார். செவலையைக் கட்டுகிற முளை வெறுமையாக இருந்தது.

"அப்ப இருந்ததே, நெத்தியில வெள்ளை, அந்தக் கன்று... இப்ப எப்படி இருக்கு? சாப்பாடு ஒழுங்காக் கிடைக்குதா?"

நான் கையைக் கழுவிக்கொண்டேன்.

"இனி அதுக்குப் பசிக்காது நோனா" என்றேன்.